லேசரின் கட்டம் யாருடையது? ஒரு தொலைநகர்த்தல் சோதனையின் நிகழ்வு ஆய்வு

1998 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் ஆறு பேர் பெயரில் ஒரு கட்டுரை வெளியானது. கலிஃபோர்னியாவின் கால்டெக் ஆய்வகத்தில் அவர்கள் ஓர் ஒளிக்கற்றையின் குவாண்டம் நிலையை மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தொலைநகர்த்தியிருந்தார்கள். அனுப்பிய நிலையும் வந்து சேர்ந்த நிலையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் ஃபிடெலிட்டி 0.58, பிழை வரம்பு 0.02. குவாண்டம் பின்னல், அதாவது இரண்டு பொருள்களைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைக்கும் உறவு, எதுவுமின்றி, நிலையை அளந்து, அளவை எழுதி அனுப்பி, மறுபக்கம் புதிதாகச் செய்துகொள்ளும் வழியில் இந்த வகை நிலைகளுக்கு 0.5ஐத் தாண்ட முடியாது. 0.58 அந்தக் கோட்டுக்கு மேலே, பிழை வரம்பையும் கழித்த பிறகு தெளிவாக மேலே.

மூன்று ஆண்டுகள் கழித்து டெரி ருடால்ஃப், பாரி சாண்டர்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள். அந்தச் சோதனையில் பின்னல் இருந்ததாகவே சொல்ல முடியாது என்றார்கள். அளவீடு தவறு என்று அவர்கள் சொல்லவில்லை, கருவிகளையும் குறை சொல்லவில்லை. லேசர் ஒளிக்கு எல்லோரும் பழக்கத்தில் எழுதிவரும் குவாண்டம் நிலைக்கே ஆதாரமில்லை என்பதுதான் அவர்கள் வாதம். அந்த நிலை சரிந்தால் அதன் மேல் கட்டிய பின்னலும் சரியும்.

இந்த வழக்கை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். குறிப்பாயத்தையும், அதாவது எதை வைத்து மற்றவற்றை அளக்கிறோமோ அந்த அளவுகோலையும், ஒரு வளமாக எண்ணிக் கணக்கில் எழுதவேண்டும் என்ற கருத்து இதைவிடத் தெளிவாகப் புலப்படும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கட்டுரைகளில் அது சூத்திரமாக வரும். இங்கே அது ஒரு மேசையின் மேல், கண்ணாடிகளுக்கு நடுவே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்தது. ஆனாலும் பட்டியலில் யாரும் அதை எழுதவில்லை.

மேசையில் என்ன இருந்தது

தொலைநகர்த்தலின் மூலத் திட்டம் 1993இல் சார்லஸ் பென்னட்டும் கூட்டாளிகளும் கொடுத்தது. ஆலிஸ், பாப் இருவரிடமும் பின்னிய இணையின் ஒவ்வொரு பாதி இருக்கும். விக்டர் ஒரு நிலையைத் தருவார். அது என்ன நிலை என்று ஆலிஸுக்குத் தெரியாது. ஆலிஸ் அதைத் தன் பாதியோடு சேர்த்து அளந்து, வந்த எண்களை பாபுக்குச் சொல்வார். எண்கள்தானே, தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். பாப் அவற்றுக்கேற்பத் தன் பாதியைத் திருத்தினால் விக்டரின் நிலை அங்கே வந்துவிடும். வளங்களை எழுதச் சொன்னால் எவரும் இரண்டைத்தான் எழுதுவார்கள்: பின்னிய இணை, செய்தி சொல்ல ஒரு சாதாரண வழி.

கால்டெக் சோதனையில் பின்னியவை தனித்தனி ஃபோட்டான்கள் அல்ல, ஒளிப்புலத்தின் தொடர் அளவுகள். ஒளியலையை சைன் பகுதி, கொசைன் பகுதி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பகுதியின் குவாண்டம் இரைச்சலை இறுக்கினால் மறுபகுதியின் இரைச்சல் வீங்கும். இப்படி எதிரெதிர்ப் பகுதிகளில் இறுக்கிய இரண்டு கற்றைகளை, பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றில் கலந்தால் பின்னிய இரண்டு கற்றைகள் வெளிவரும்.

சைன் பகுதி, கொசைன் பகுதி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். எந்தக் கணத்தைப் பூஜ்யமாக வைத்து? ஒளியலை நொடிக்கு 10¹⁴ முறைக்கு மேல் துடிக்கிறது; சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதன் பூஜ்யத்தைக் குறிக்க முடியாது. ஓர் ஒளியின் கட்டத்தை, அதாவது தன் துடிப்பில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அளக்க இன்னொரு ஒளிதான் அளவுகோல். ஆய்வகத்தில் அதற்கு லோக்கல் ஆஸிலேட்டர் என்று பெயர்: வலுவான, நிலையான ஒரு கற்றை. அளக்கவேண்டிய மெல்லிய ஒளியை அதோடு கலந்து இரண்டின் குறுக்கீட்டைப் பார்ப்பார்கள்.

ஆலிஸுக்கு இரண்டு லோக்கல் ஆஸிலேட்டர்கள் வேண்டும். பாப் தன் கற்றையைத் திருத்த ஒரு வலுவான கற்றை வேண்டும். கடைசியில் சரிபார்க்கும் விக்டருக்கும் ஒன்று. இறுக்கிய ஒளியை உண்டாக்கப் பம்ப் கற்றை வேண்டும். விக்டர் தரும் உள்ளீட்டு நிலையும் ஓர் ஒளிக்கற்றைதான். இத்தனையும் ஒரே லேசரிலிருந்து பிரித்தெடுத்தவை. சோதனையாளர்கள் எதையும் மறைக்கவில்லை. ஒளியியல் ஆய்வகத்தில் அப்படித்தான் செய்வார்கள். எல்லோரும் ஒரே லேசரைப் பங்குபோட்டுக்கொண்டதால் ‘எதைப் பூஜ்யமாக வைத்து’ என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆட்சேபம்

ஆட்சேபத்தின் வேர் 1997இல் கிளாஸ் மோல்மர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. லேசர் ஒளிக்குத் திட்டமான கட்டம் உண்டு என்பது ஒரு வசதியான புனைவு என்றார் அவர். லேசருக்குள் கிளர்ந்த அணு ஒன்று கீழிறங்கும்போது ஃபோட்டான் பிறக்கிறது. ஆற்றல் கணக்கு நேராக வேண்டுமே, ஆகவே எத்தனை ஃபோட்டான் பிறந்தது என்பதன் தடயம் அணுக்களின் பக்கம் தங்கிவிடுகிறது. அணுக்களைக் கணக்கிலிருந்து விலக்கி ஒளியை மட்டும் பார்த்தால், வெவ்வேறு ஃபோட்டான் எண்ணிக்கைகளுக்கு இடையே மேற்பொருந்துதல், அதாவது பல நிலைகள் ஒருசேர நிற்கும் குவாண்டம் கலப்பு, எதுவும் மிஞ்சுவதில்லை. இத்தனை ஃபோட்டானுக்கு இவ்வளவு நிகழ்தகவு என்ற பாய்ஸான் பட்டியல் மட்டுமே மிஞ்சுகிறது.

பாடநூலில் நாம் படிப்பது வேறு. லேசர் ஒளி ஓர் ஓரியல் நிலை, அதற்குத் திட்டமான கட்டம் உண்டு, எந்தக் கட்டம் என்பதுதான் தெரியாது. ஆகவே 0 முதல் 360 பாகை வரை சராசரி எடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே அடர்த்தி அணியில், அதாவது எல்லா அளவீடுகளின் நிகழ்தகவையும் தரும் ஒரே அட்டவணையில், வந்து முடியும். ஒரே கலவையைக் கட்டங்களின் கலவை என்றும் பிரிக்கலாம், எண்ணிக்கைகளின் கலவை என்றும் பிரிக்கலாம். எந்த அளவீட்டாலும் இரண்டையும் வேறுபடுத்த முடியாது. அப்படியிருக்க, ‘உண்மையில் ஒரு கட்டம் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்’ என்று ஒரு பிரிவுக்கு மட்டும் உண்மைப் பட்டம் கட்டுவது பிழை.

ருடால்ஃபும் சாண்டர்ஸும் இதைப் பின்னிய இணைக்குப் பொருத்தினார்கள். அந்த இணையை எண்ணிக்கை மொழியில் எழுதினால், இரு பக்கமும் ஃபோட்டான் இல்லாத |00⟩, அடுத்து கொஞ்சம் குறைந்த எடையில் பக்கத்துக்கு ஒன்றாக |11⟩, இன்னும் குறைந்த எடையில் |22⟩ என்று நீளும் மேற்பொருந்துதல். ஒவ்வோர் உறுப்பும் பம்ப் கற்றையின் கட்டத்தை ஒரு படி கூடுதலாகச் சுமக்கிறது: |11⟩ ஒருமுறை, |22⟩ இருமுறை, |33⟩ மூன்றுமுறை. பம்பின் கட்டத்துக்கு எல்லா மதிப்பும் சம வாய்ப்பு என்றால், சராசரி எடுத்தவுடன் உறுப்புகளுக்கு இடையிலான குறுக்குத் தொடர்புகள் எல்லாம் பூஜ்யம். ‘இங்கே 0 என்றால் அங்கும் 0, இங்கே 1 என்றால் அங்கும் 1’ என்ற ஒற்றுமை மட்டும் மிஞ்சும். ஒரே எண்ணை இரண்டு காகிதத்தில் எழுதி இரண்டு உறையில் போட்டு அனுப்பினாலும் இந்த ஒற்றுமை கிடைத்துவிடும். இதில் பின்னல் இல்லை. பின்னல் இல்லையென்றால் தொலைநகர்த்தலும் இல்லை.

இந்தக் கணக்கில் ஓட்டை தேடினால் கிடைக்காது. நான் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் சரி. அதனால்தான் அந்த ஆட்சேபம் அவ்வளவு பேரை உறுத்தியது.

பதில்

2002இல் ஸ்டீவன் வான் என்க், கிறிஸ்டோபர் ஃபுக்ஸ் இருவரும் பதில் தந்தார்கள். ஃபுக்ஸ் 1998 கட்டுரையின் ஆறு ஆசிரியர்களில் ஒருவர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அவர்கள் ஆட்சேபத்தின் கணக்கை மறுக்கவில்லை. கணக்கில் எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

லேசர் ஒரே ஒரு ஒளித்துண்டை வெளிவிட்டு நின்றுவிடுவதில்லை. அது தொடர்ந்து பாய்கிறது. அந்த ஓட்டத்தைச் சம நீளப் பொட்டலங்களாக வெட்டிப் பாருங்கள். எல்லாப் பொட்டலங்களும் ஒரே கட்டத்தைச் சுமக்கின்றன. அந்தக் கட்டம் எதுவென்பது மட்டுமே தெரியாது. ஆகவே மொத்த நிலை, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனியே சராசரி எடுத்துப் பெருக்கியது அல்ல. முதலில் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் பெருக்கி, பிறகு ஒரே ஒருமுறை சராசரி எடுத்தது. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், வழக்கே அதில்தான் திரும்புகிறது. முதல் வகையில் பொட்டலங்களுக்குள் உறவே இல்லை. இரண்டாம் வகையில் சில பொட்டலங்களை ஒப்பிட்டு அளந்துவிட்டால் மிச்சமுள்ள அத்தனையின் கட்டமும் நம் கைக்கு வந்துவிடுகிறது.

இப்போது பின்னிய இணைக்குத் திரும்புவோம். இணையை மட்டும் தனியே எடுத்தால் பின்னல் இல்லை, ருடால்ஃபும் சாண்டர்ஸும் சொன்னது சரி. ஆனால் ஆலிஸிடமும் பாபிடமும் அதே லேசரின் பொட்டலங்கள் சில இருக்கின்றனவே, அவற்றையும் சேர்த்து எழுதினால்? குறுக்குத் தொடர்புகள் திரும்ப வந்துவிடுகின்றன. இணையின் கட்டம் எந்த முழுமுதல் அளவுகோலுக்கும் உறவில்லாததாக இருக்கலாம், ஆனால் ஆலிஸின் லோக்கல் ஆஸிலேட்டருக்கும் பாபின் கற்றைக்கும் அது துல்லியமாக உறவுடையது. மேசையில் நடந்த ஒவ்வோர் அளவீடும் அந்த உறவைத்தான் தொட்டது. 0.58 என்ற எண்ணும் அந்த உறவைப் பற்றியதுதான்.

எங்கே பிரிந்தார்கள்

இரு தரப்பின் கணிதமும் ஒன்றே. பெட்டியின் எல்லையை எங்கே வரைவது என்பதில் மட்டும் பிரிந்தார்கள். லேசரை வெளியே வைத்து அதைக் கைவசமுள்ள அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இணை பின்னியது. லேசரையும் ஒரு குவாண்டம் பொருளாக உள்ளே இழுத்து, அதற்கு வெளியே வேறு அளவுகோல் எதுவும் இல்லை என்று சொன்னால், இணை மட்டும் பின்னியது என்ற கூற்றுக்குப் பொருளே இல்லை. இணையும் லேசரும் சேர்ந்தது என்ன என்று கேட்டால்தான் பொருள்.

இந்த மாதிரிச் சண்டை அதற்கு முன்பும் ஒருமுறை நடந்தது. 1952இல் விக், வைட்மன், விக்னர் மூவரும் சில மேற்பொருந்துதல்கள் இயற்கையில் நிகழவே முடியாது என்று விதி வகுத்தார்கள். நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் கலந்த நிலை அத்தகைய ஒன்று. 1967இல் அஹரோனோவும் சஸ்கிண்டும் இதை மறுத்தார்கள். மின்னூட்டத்தின் கட்டத்துக்கு ஏற்ற குறிப்பாயம் ஒன்று கைவசம் இருந்தால் அந்த நிலையை உண்டாக்கவும் முடியும், சோதிக்கவும் முடியும் என்று காட்டினார்கள். விதி என்று எழுதப்பட்டது உண்மையில் ஓர் இல்லாமை. குறிப்பாயம் இல்லாதவருக்கு எல்லாமே சராசரியாகித் தெரிகிறது, அதைத்தான் அவர் தடை என்று எண்ணிக்கொள்கிறார். இந்த ஒரு கருத்து பிடிபட்டபின் இத்துறையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

கட்டம் இரண்டு பொருள்களுக்கு நடுவே அளவீட்டிலேயே உருவாகலாம் என்பதற்கும் சான்று உண்டு. 1967இல் ஃப்ளீகோரும் மேண்டலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு லேசர்களின் ஒளி குறுக்கிடுவதைக் காட்டினார்கள், அதுவும் மிக மங்கலான ஒளியில். 1996இல் யவனைனனும் யூவும், அணுக்களின் எண்ணிக்கை திட்டமாக உள்ள, ஆகவே கட்டமே இல்லாத, இரண்டு போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கங்களை, அதாவது மிகக் குளிர்ந்து ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்த அணுத் திரள்களை, கணினியில் மோதவிட்டார்கள். ஒவ்வோர் அணுவாகக் கண்டறியக் கண்டறியக் குறுக்கீட்டுப் பட்டைகள் உருவாயின. ஒரு வருடத்தில் எம்ஐடி ஆய்வகத்தில் இரண்டு ஒடுக்கங்களின் பட்டைகள் நேரிலேயே படமாயின.

ஸ்டீஃபன் பார்ட்லெட், ருடால்ஃப், ராபர்ட் ஸ்பெக்கன்ஸ் மூவரும் 2006இல் இந்தச் சர்ச்சையை உரையாடல் வடிவில் எழுதினார்கள். கட்டம் மெய் என்பவர் ஒருவர், புனைவு என்பவர் இன்னொருவர். அடுத்த ஆண்டு அவர்களே ‘ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ இதழில் குறிப்பாயங்களைப் பற்றிய நீண்ட ஆய்வைத் தந்தார்கள். சர்ச்சையைக் கிளப்பியவர்களில் ஒருவரே அதற்கு மொழியும் கண்டுபிடித்தார். ஆட்சேபம் சோதனையைக் கவிழ்க்கவில்லை, கவிழ்த்திருக்கவும் கூடாது. ஆனால் அது எழுப்பப்படாமல் போயிருந்தால், பங்குபோட்ட லேசர் என்ற வளம் இன்னும் பல காலம் கணக்கில் வராமலே இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வளம் என்றால் எவ்வளவு

வளம் என்ற சொல்லைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடாது. அளக்க வேண்டும், செலவாகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாமல் சமாளிக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

கட்டத்தைவிடத் திசை மனதுக்கு எளிது, அதிலிருந்து தொடங்கலாம். தொலைவிலுள்ள ஒருவருக்கு ‘மேல்’ எது என்று சொல்ல வேண்டும். இருவருக்கும் பொதுவான நட்சத்திரமோ புவியீர்ப்போ இல்லை. சொற்களால் முடியாது. ஆஷர் பெரஸ் இதைச் சொல்லில் அடங்காத தகவல் என்று பிரித்துச் சொன்னார். திசையைச் சுமக்கும் பொருள் ஒன்றையே அனுப்பியாக வேண்டும். அந்தத் திசையில் நிற்கும் ஸ்பின்களை, அதாவது குட்டி அம்புபோல் ஒரு திசையைச் சுட்டும் குவாண்டம் துகள்களை, அனுப்பலாம். 1995இல் மசாரும் போபெஸ்குவும் கண்ட விடை: ஸ்பின்களின் எண்ணிக்கையோடு 1 கூட்டி, அதை எண்ணிக்கையோடு 2 கூட்டியதால் வகுத்தால் கிடைப்பதே உச்ச ஃபிடெலிட்டி. 2 ஸ்பின்னுக்கு 0.75. 0.99ஐத் தொட 98 ஸ்பின் வேண்டும்.

1999இல் ஜிசானும் போபெஸ்குவும் சொன்னது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. இரண்டு ஸ்பின்னையும் ஒரே பக்கம் நிறுத்தாமல் ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் அனுப்பினால் 0.789 கிடைக்கிறது. சாதாரண அம்பாக இருந்தால் இதற்கு இடமே இல்லை. தலைகீழ் அம்பும் அதே கோட்டைத்தானே காட்டுகிறது. ஸ்பின்னில் அப்படியில்லை. எதிரெதிர் ஸ்பின்கள் எல்லாத் திசைகளிலும் சேர்ந்து பரவும் நிலைவெளி பெரியது, ஆகவே வெவ்வேறு திசைகள் ஒன்றிலிருந்து ஒன்று எளிதாகப் பிரிந்து தெரிகின்றன. ஸ்பின்களைப் பின்னி அனுப்பினால் இன்னும் மேல்: பிழை எண்ணிக்கைக்கு எதிர்விகிதமாகக் குறைவதற்குப் பதில் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும்.

மீண்டும் கட்டத்துக்கு வருவோம். ஒரு நிலை குறிப்பாயமாக எவ்வளவு மதிப்புடையது? அதன் கட்டத்தை வேண்டுமென்றே சராசரியாக்கி அழித்துப் பாருங்கள். என்ட்ரோபி, அதாவது நிலையைப் பற்றிய அறியாமையின் அளவு, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு. |0⟩, |1⟩ இரண்டும் சம எடையில் கலந்த நிலைக்கு இது சரியாக 1 பிட். சராசரி 100 ஃபோட்டான் கொண்ட ஓரியல் நிலைக்குச் சுமார் 5.4 பிட். 200 ஃபோட்டானுக்கு இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், சுமார் 5.9. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் அரை பிட்தான் கூடுகிறது. 10,000 ஃபோட்டானுக்கும் 8.7 பிட்தான்.

பின்னலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலக்கமாகும். நூறு பின்னிய இணைகள் தருவதைப்போல் இரு மடங்கை இருநூறு இணைகள் தரும். குறிப்பாயத்தில் முதல் சில ஃபோட்டான்கள் பெருமதிப்புடையவை, பிறகு வருபவை ஏற்கெனவே தெரிந்த கட்டத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கும், அவ்வளவே. கால்டெக் மேசையில் பிரகாசமான லேசர் கண்ணில் படாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. பிரகாசமான கற்றையிலிருந்து ஒரு துளி எடுத்தாலும் எடுத்த அடையாளம் தெரியாது. தீராததுபோல் இருக்கும் எதையும் யார் கணக்கெழுதுவார்கள்?

ஆனால் அது தீரும். 2006இல் பார்ட்லெட், ருடால்ஃப், ஸ்பெக்கன்ஸ், டர்னர் நால்வரும் அளவில் எல்லையுள்ள ஒரு ஸ்பின்னைத் திசைகாட்டியாக வைத்து மற்ற ஸ்பின்களை அளந்துகொண்டே போனால் என்னவாகும் என்று கணக்கிட்டார்கள். ஒவ்வோர் அளவீடும் திசைகாட்டியைச் சற்று உதைக்கிறது. உதையின் கோணம் திசைகாட்டியின் அளவுக்கு எதிர்விகிதம். உதைகள் இப்படியும் அப்படியுமாக விழுவதால் திசைகாட்டி குடிகாரன் நடையில் நகர்கிறது. ஆகவே அது பயனற்றுப் போக ஆகும் அளவீடுகளின் எண்ணிக்கை அதன் அளவின் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. அளக்கப்படும் ஸ்பின்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலோ உதைகள் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்துவிடும். அப்போது ஆயுள் அளவின் வர்க்கமாக அல்லாமல் அளவுக்கு நேர்விகிதமாகவே வளரும் என்று பூலினும் யார்டும் காட்டினார்கள்.

குறிப்பாயமே இல்லாமல் சமாளிக்க வழி உண்டு. விலை கொடுக்க வேண்டும். பொதுத் திசை எதுவும் இல்லாத இருவர் 2 குவிபிட்டில் (குவிபிட் என்பது பிட்டின் குவாண்டம் வடிவம், ஒரு ஸ்பின் போதும்) 1 பிட் செய்தியைப் பிழையின்றி அனுப்பலாம்: இரண்டும் சேர்ந்து சுழி ஸ்பின்னா இல்லையா என்பது எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் மாறாது. 4 குவிபிட்டில் 1 குவிபிட்டை மறைத்து அனுப்பலாம். கெட்டிக்காரத்தனமாகச் செய்தால் 3 போதும். எண்ணிக்கை பெருகப் பெருக இழப்பின் விகிதம் சுழியை நோக்கிப் போகிறது. 2014இல் இத்தாலியின் பதுவாவில் 210 மீட்டர் திறந்தவெளியில், சுழற்றினாலும் மாறாத முறுக்கிய ஃபோட்டான்களால் குவாண்டம் சாவியை, அதாவது செய்தியை ரகசியமாக்கப் பயன்படும் எண் தொடரை, பகிர்ந்து காட்டினார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் கருவிகளை ஒரே திசையில் நிறுத்தத் தேவையிருக்கவில்லை.

ஒரு மிச்சக் கேள்வி

ஆட்சேபத்தில் இன்னொரு முள் இருந்தது. ஆலிஸுக்கும் பாபுக்கும் நடுவே லேசர் கற்றை போகிறது என்றால், அதுவே ஒரு குவாண்டம் வழித்தடம்தானே? அப்படியானால் விக்டரின் நிலையை அதன் வழியே நேராக அனுப்பிவிடலாமே, தொலைநகர்த்தல் எதற்கு?

ஹோவர்ட் வைஸ்மன் இதற்குக் கொடுத்த விடை எனக்கு நிறைவளிக்கிறது. பங்குபோட்ட லேசர் கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது, வழித்தடத்தின் வேலையை அல்ல. கட்டம் என்ற சொல் வந்தாலே ‘எந்தக் கடிகாரப்படி’ என்ற கேள்வியும் வந்துவிடும். ரேடியோ அலைக்கு அந்தக் கடிகாரம் மின்சுற்று, அதன்மேல் யாரும் ஐயம் எழுப்புவதில்லை. அண்மை அகச்சிவப்பு ஒளியின் ஒரு துடிப்பு சுமார் 3 ஃபெம்டோநொடி. அவ்வளவு வேகமாகத் துடிக்கும் கடிகாரம் லேசர்தான். முழுமுதல் கட்டம் இல்லை என்ற குற்றத்துக்காக லேசரை விலக்கினால் உலகின் எல்லாக் கடிகாரங்களையும் விலக்க வேண்டும்.

கடிகாரம் என்று பார்த்தால் அதன் தரமும் கேள்வியாகிறது. லேசரின் கட்டம் மெல்ல மெல்ல வழுவுகிறது. 1958இல் ஷாலோவும் டவுன்ஸும் அதற்கு ஒரு வரம்பு சொன்னார்கள். அந்த வரம்பில் லேசர் தன் கட்டத்தைத் தொலைப்பதற்குள் வெளிவிடும் ஃபோட்டான்கள், உள்ளே இருக்கும் ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் வளரும். வைஸ்மனும் கூட்டாளிகளும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் உண்மையான எல்லை நான்காம் படி.

பங்கு இல்லாதபோது

ஒரே மேசையில் ஒரே லேசரைப் பங்குபோடுவது எளிது. ஆலிஸும் பாபும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகினால் கணக்கு கண்முன் வந்துவிடுகிறது.

ஒளிப்புலத்தின் தொடர் அளவுகளைக் கொண்டு சாவி பகிரும் முறைகளில், தொடக்க காலத்தில் லோக்கல் ஆஸிலேட்டரையும் குறியொளியோடு அதே ஃபைபரில் அனுப்பினார்கள். கால்டெக் மேசையின் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஃபைபரின் நடுவே ஒற்றன் இருந்தால்? 2013இல் ஜூகே, குன்ஸ்-ஜாக், டியாமன்டி மூவரும் லோக்கல் ஆஸிலேட்டரின் வடிவத்தை மாற்றியே பெறுபவரின் அளவுத்திருத்தத்தைக் கெடுத்து இரைச்சலைக் குறைத்துக் காட்ட முடியும் என்று நிறுவினார்கள். குறிப்பாயத்தை எதிரியின் கைவழியாக வாங்கினால் எதிரி எதை நீளம் என்கிறாரோ அதுவே நீளம். 2015இல் இரண்டு குழுக்கள் பெறுபவரின் இடத்திலேயே தனி லேசர் வைக்கும் முறையைத் தந்தன. பாதுகாப்பு கூடியது, ஆனால் இரண்டு லேசர்களின் கட்டத்தையும் இடையிடையே மேற்கோள் துடிப்புகள் அனுப்பி ஒப்பிட வேண்டியதாயிற்று, அந்த ஒப்பீட்டின் பிழை நேராகச் சாவியின் இரைச்சலில் சேர்ந்தது.

2018இல் லுகமரினியும் கூட்டாளிகளும் இரட்டைப்புலச் சாவிப் பகிர்வை முன்வைத்தார்கள். இரு முனைகளிலிருந்தும் வரும் மெல்லிய துடிப்புகள் நடுவிலுள்ள நிலையத்தில் குறுக்கிடும். ஒரே ஃபோட்டான் வந்தால் போதும் என்பதால் சாவியின் வேகம் ஃபைபரின் கடத்தல் திறனுக்கு நேர்விகிதமாக அல்லாமல் அதன் வர்க்கமூலத்தைப் போல் குறைகிறது. நீண்ட தொலைவில் இது மிகப் பெரிய ஆதாயம். 2023இல் இம்முறை 1002 கிலோமீட்டர் ஃபைபரைத் தொட்டது. அந்த ஆதாயம் முழுவதும் இரு முனை லேசர்களும் ஒரே கட்டக் குறிப்பாயத்தைப் பகிர்வதன் மேல் நிற்கிறது. அதற்காக அதிர்வெண்ணைப் பூட்ட வேண்டும், ஃபைபரின் நடுக்கத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டும், மேற்கோள் துடிப்புகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். கால்டெக் மேசையில் ஒரு கண்ணாடி செய்த வேலையை இங்கே ஒரு முழுத் துணைக் கருவித்தொகுதி செய்கிறது.

2022இல் இன்னொரு வழி வந்தது. ஒரே அனுப்புநர் அடுத்தடுத்து விட்ட துடிப்புகளில் நடுநிலையத்தில் பதிவான இரண்டைப் பின்னால் ஜோடி சேர்த்து, அந்த இரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டிலேயே தகவலை வைத்துக்கொள்கிறார்கள். இரு முனை லேசர்களின் முழுக் கட்டம் என்ன என்று கேட்கத் தேவையே இல்லை. அது இரண்டு துடிப்பிலும் ஒன்றாகவே இருப்பதால் கழிந்துபோகிறது. ஆனால் ஜோடியின் இரண்டு துடிப்புகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை அந்த லேசர்களே முடிவு செய்கின்றன: கட்டம் வழுவுவதற்குள் இரண்டாவது பதிவு வந்தாக வேண்டும். தொலைவு கூடினால் பதிவுகள் அரிதாகும், ஜோடிகள் விலகும், ஓர் எல்லைக்குமேல் சேர்க்கவே முடியாது.